முழுக்கும் முழுக்கிரகணமும்

சூரியனைச் சந்திரன் எந்த நாளில் மறைக்கும், எந்த ஊரில் எத்தனை நிமிடம் மறைக்கும் என்பதையெல்லாம் பல வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டு அச்சடித்து வைத்துவிடுகிறார்கள். நான் ஏறிய ரயில் தென்காசிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை அதை ஓட்டியவராலேயே சொல்ல முடியவில்லை. தண்டவாளத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. அதை எழுப்புவதற்கான நடைமுறை யாருக்கும் தெரியவில்லை. எருமை தானாக எழுந்து போகும்வரை காத்திருந்தோம். முப்பத்துநான்கு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கு, அதில் ஆட்சேபிக்க ஒன்றும் இருக்கவில்லை.

1955ஆம் வருடம், மே மாதக் கடைசி வாரம். ஜூன் இருபதாம் திகதி காலையில் எங்கள் இலங்கையின்மேல் முழுக்கிரகணம் விழ இருந்தது. அதைப் பார்ப்பதற்காகத் தூர தேசத்து விஞ்ஞானிகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளுடன் கொழும்பில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்த்திசையில் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தேன். ஒரு மனிதரைக் கையோடு அழைத்துப் போய் அந்தக் கிரகணத்தைக் காட்ட வேண்டும் என்பது என் உத்தேசம். பென்சன் எடுத்த நாள் முதல் 'கிரகணம் 1955' என்று மேலே எழுதி ஒரு கோப்பு வைத்திருந்தேன். பொலன்னறுவைப் பக்கம் ஒரு குளக்கரை விடுதியில் இரண்டு கட்டில், இரண்டு பேருக்குச் சாப்பாடு, சூரியனைப் பார்க்க மெழுகுவர்த்திப் புகை பிடித்த கண்ணாடித் துண்டுகள் இரண்டு, எல்லாம் தயார். இரண்டாவது ஆள்தான் வரச் சம்மதிக்கவில்லை.

அவர் பெயர் குற்றாலிங்கம். தென்காசிக்காரர். கொழும்பில் இருபத்தாறு வருடம் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோக மாற்றலில் கொழும்பு போனது முதல், நடுவில் மனைவி இருந்த சில வருடங்கள் தவிர, அவர் கடையில்தான் சாப்பிட்டேன். எல்லாரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைக் 'கிளாக்கர் ஐயா' என்பார். விடியுமுன் அடுப்படிக்குள் போனால் வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே வருவார். அந்த ஊரில் அத்தனை வருடம் இருந்தும் காலைச் சூரியனைப் பார்க்காத மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் தொடர்ந்து அங்கே வசித்ததாக நிரூபித்து மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். உலக யுத்த காலத்தில் கொழும்பில் குண்டு விழுந்தபோது அண்ணாச்சி ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். "பதினொண்ணுன்னு போட்டா என்ன ஐயா?" என்று கடையிலிருந்த ஒருவர் கேட்டார். அரசாங்கப் பத்திரத்தில் பொய் எழுதுவதற்கு என்னிடம் வரக்கூடாது என்றேன். பதினான்கு என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினேன். பிழையில்லாத மனு. முறைப்படி நிராகரிக்கப்பட்டது. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார். ஐந்து வருடமாகிறது.

கிரகணத்துக்கு வரும்படி நான் எழுதிய அஞ்சலட்டைக்கு அவரிடமிருந்து வந்த பதில் இது: "முழுக்குக்கு எங்கள் குற்றாலம் இருக்கையில் கடல் தாண்டுவானேன்? தாங்களே இங்கு வரலாம்." முழுக்கிரகணம் என்பதை முழுக்கு என்று சுருக்கி எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விஷயம் தெரியாத மனிதர் குற்றாலத்திலும் முழுதாகத் தெரியும் என்று நினைத்துவிட்டார் போலும் என்று இரங்கி, "குற்றாலத்தில் முழுசாகக் கிடைக்காது, ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சிவிடும்" என்று விளக்கி இரண்டாவது அட்டை போட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "குற்றாலத்தைப் பற்றி எனக்குத் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை."

கடிதத்தில் தீராத விவகாரத்துக்கு நேரில் விசாரணை என்பதுதான் நடைமுறை. புறப்பட்டேன்.

தென்காசி ரயில் நிலையத்தில் அண்ணாச்சியே நின்றார். முன்பைவிட மெலிந்திருந்தார். மேல்துண்டு மட்டும் அதே வெள்ளை. "வாங்க ஐயா, வண்டி ரொம்பப் பிந்தில்லா வருது" என்றார். எருமையைப் பற்றிச் சொன்னேன். "அது தெனமும் அங்கனதான் கெடக்கும். அதுக்குன்னு டைம் டேபிள்ல எடம் போட்டிருக்காகளோ என்னவோ" என்றார். குதிரை வண்டியில் ஏறியதும் கிரகணப் பேச்சை எடுத்தேன். "அத பொறவு பேசுவோம்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி கோமதி அம்மாள் இலை போட்டார். சோற்றில் விழுந்ததைப் பார்த்து இது என்ன என்று கேட்டேன். "சொதி" என்றார்.

சொதியை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சொதியைத் தெரியாமல் போகுமா? மஞ்சள் தண்ணீராக, இடியப்பத்தை நனைப்பதற்காக இருப்பது. அண்ணாச்சியின் கொழும்புக் கடையில் இருபத்தாறு வருடம் அதைத்தான் ஊற்றினார்கள். இங்கே இலையில் இருந்தது வேறு வஸ்து. கெட்டித் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மேலே எலுமிச்சை வாசம், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். மூன்று தரம் சோறு வாங்கினேன்.

"கல்யாணத்துக்கு மறுநாளு மாப்பிள்ளைக்கு வைக்கது இது" என்றார் கோமதி அம்மாள். "ஒங்களுக்கு அங்கன இவுக வச்சுக் குடுத்ததேயில்லையாக்கும்?"

"யாழ்ப்பாணத்து ஐயாமாருக்கு இது எறங்காதுட்டி. தண்ணியா இருந்தாத்தான் சொதிம்பாக. ஊத்துன்னாக, ஊத்துனேன்" என்றார் அண்ணாச்சி.

இருபத்தாறு வருடம், தினமும், எங்களுக்காக ஒரு மனிதர் தன் ஊர்ச் சொதியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதைக் குறைவென்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள்தான் உப்புக் குறைவு என்று சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் அண்ணாச்சி விடியுமுன்பே குற்றாலத்துக்குப் போய்விட்டார். சாரல் காலம் தொடங்கப் போகிறது. அருவிக்கு வரும் கூட்டத்தை நம்பி அங்கே ஒரு காப்பிக் கடைக்கு ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். நான் தனியாகப் பின்னால் போவதாக ஏற்பாடு. பேருந்து நிற்கும் இடத்தில் நடத்துநரைக் கண்டு, "தம்பி, இந்தக் குற்றாலம் பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?" என்று மரியாதையாகக் கேட்டேன். எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வெளிக்கிக்கா? அந்தா, அந்தச் செவத்துக்குப் பின்னால ஒதுங்கிக்கிடுங்க. பைய போய்ட்டு வாங்க, வண்டி நிக்கும்" என்றார்.

சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்த பிறகுதான் என்னை எதற்காக அங்கே அனுப்பினார் என்று விளங்கியது. திரும்பி வருவதற்குள் வண்டி போய்விட்டது. வெட்கத்தில் யாரையும் கேட்காமல் அடுத்து வந்ததில் ஏறினேன். அது என்னைச் செங்கோட்டைக்குக் கொண்டு போயிற்று.

செங்கோட்டை அப்போது வேறு ராஜ்யம், திருவிதாங்கூர்–கொச்சி. எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. காக்கி உடுப்பு அணிந்த ஒருவர் என் பையைத் திறந்து, புகை பிடித்த கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். சூரியனைப் பார்ப்பதற்கு என்றேன். எந்தச் சூரியனை என்று கேட்டார். இலங்கையில் தெரியப்போகும் சூரியனை என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, இலங்கைச் சூரியன் தம்முடைய அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லிப் பையைக் கட்டிக் கொடுத்தார். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு தெளிவாக எல்லையை உணர்ந்த அதிகாரியைக் கண்டதில்லை. போகும்போது கண்ணாடி வழியாக ஒருமுறை மேலே பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். "சின்னதாக இருக்கிறதே" என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

குற்றாலத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இதைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருந்தேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரைத்தான் வாழ்நாள் முழுதும் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். யாரும் இறைக்காமல், யாரும் கேட்காமல், மலையே ஊற்றும் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். சாரல் இன்னும் தொடங்கவில்லை. அருவி ஒரு வேட்டியின் அகலத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"பாத்தீகளா?" என்றார் அண்ணாச்சி. "இன்னும் பத்து நாள்ல வந்து பாருங்க. பாறையே தெரியாது."

எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார். பிறகு அருவிக்குள் தள்ளினார். கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தோளில் மட்டும் தண்ணீரை வாங்கி நின்றேன். எனக்குச் சளியும் தடிமனும் பிடிக்கும் தேகம்.

"தலையக் காட்டுங்க ஐயா!" என்று அண்ணாச்சி கரையிலிருந்து கத்தினார். "தல நனையாம முழுக்கா? அது காலு கழுவுத கணக்கு!"

முழுக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் இதுதான் சமயம் என்று நினைத்தேன். வெளியே வந்து தோளைத் துவட்டியபடி, "அண்ணாச்சி, அந்த முழுக்கு விஷயம். ஜூன் இருபதுக்கு நீங்கள் வாறியளோ இல்லையோ?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் ஐயா, ஒங்களுக்கு இப்ப என்ன தெரியணும்? அந்த ஊரை நான் தலைமுழுகியாச்சு. இங்கனயே, இந்த அருவியில நின்னு முழுகியாச்சு. அங்க வந்து முழுக்குப் போட்டாத்தான் கணக்குல எடுப்பீகளோ? போதாக்கொறைக்கு குற்றாலத்துல முழுசாக் கெடைக்காது, கொஞ்சம் மிஞ்சும்னு எழுதுதீக. என்னத்த மிஞ்சும்? சொல்லுங்க பாப்போம்."

"சூரியன் மிஞ்சும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எண்ணெய் தேய்ப்பவர் இருவரையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

அன்று மாலை தென்காசி வீட்டில், கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களிலிருந்து கோமதி அம்மாள் என் முதல் அட்டையை உருவிக் கொடுத்தார். படித்தேன். "வரும் ஜூன் இருபதாம் திகதி இங்கே முழுக்" என்று ஒரு வரி முடிந்திருந்தது. இடமில்லாமல் அடுத்த வரி, "கிரகணத்துக்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும்" என்று தொடங்கியிருந்தது.

"முழுக்குன்னு எழுத எடம் பத்தாம 'முழுக்'னு நிறுத்திட்டீகன்னு நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி. "கிரகணம்னா முழுக்குத்தானே? அதுக்கா கப்பலேறி வரச் சொல்லுதாகன்னு பாத்தேன். பொறவு ராவெல்லாம் யோசிச்சா, அப்படி இருக்காது. 'வந்து தலைமுழுகிட்டுப் போ, ஒனக்கும் இந்த ஊருக்கும் உள்ள கணக்க முடி'ன்னு சொல்லுதாகன்னு தோணிச்சு."

வரி முடிவில் சொல்லை உடைக்காதே என்று முப்பத்துநான்கு வருடம் எனக்குக் கீழே இருந்த குமாஸ்தாக்களைக் கண்டித்தவன் நான். ஒருவரை அதற்காகவே பதவி உயர்வில் ஒரு வருடம் பின்தள்ளியிருக்கிறேன். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நினைத்துக்கொண்டேன்.

முழுக்கிரகணம் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு கொட்டைப்பாக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து அரிக்கன் விளக்கை மறைத்துக் காட்டினேன். இங்கே விளிம்பு தெரியும், அங்கே விளிம்பும் தெரியாது, பகலில் நட்சத்திரம் வரும் என்றேன். அண்ணாச்சி பாக்கை வாங்கி, தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சிரித்தார். விவகாரம் தீர்ந்தது என்று எண்ணி, விசாவுக்கான படிவங்களை எடுத்து விரித்தேன். பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. படிவம் மூன்று பிரதி, கையெழுத்து மூன்று இடம், அவ்வளவுதான் பாக்கி.

தலைப்பில் இருந்த ஆங்கிலச் சொல்லை அவர் விரலால் தொட்டார். "இது என்ன?"

"வருகையாளர்" என்றேன்.

"நானா?"

படிவத்தை மடித்து என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் நான் குற்றாலத்துக்குப் போகவில்லை. காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போனேன். கோபுரம் என்றோ இடிந்து, பாதி உடம்போடு மொட்டையாக நின்றது. அதன் வாசலில் வீசும் காற்றைப் போல ஒன்றை நான் எங்கும் அனுபவித்ததில்லை. உள்ளே போகிறவனை முதலில் எதிர்த்துத் தள்ளுகிறது. சில அடி தாண்டியதும் அதே காற்று முதுகில் கை வைத்து உள்ளே அனுப்புகிறது. இரண்டு மூன்று தரம் வெளியே வந்து மறுபடி நுழைந்து சோதித்தேன். முதலில் மறுத்துப் பிறகு அனுமதிப்பது என்பதை எங்கள் இலாகாவில் பல மாதம் எடுத்துச் செய்வோம். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண், "என்ன ஐயா தொலைச்சீக?" என்று கேட்டார். காற்று என்றேன். "அது எங்கயும் போவாது, பைய தேடுங்க" என்றார்.

திரும்பி வந்தபோது கோமதி அம்மாள் தனியாக உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். அவர் பேச்சை எடுத்தார்.

"கிளாக்கர் ஐயா, ஒண்ணு கேக்கட்டா? அவுக பதினாலு மாசம் இங்கன இருந்தாகளே, ஏன்னு என்னைக்காவது கேட்டீகளா?"

கேட்கவில்லை. படிவத்தில் காரணத்துக்கு இடம் இல்லை. குண்டுக்குப் பயந்து போனார் என்றுதான் எல்லாரையும் போல நானும் எண்ணியிருந்தேன்.

"குண்டுக்குப் பயந்து வந்தவுக எல்லாம் ஆறு மாசத்துல திரும்பிட்டாக. எனக்குக் காய்ச்சல். படுத்தவ எந்திரிக்கல. பொழைப்பேன்னு யாரும் சொல்லல. மூணு தடவ டிக்கெட்டு எடுத்து மூணு தடவயும் கிழிச்சாக. நான் எந்திரிச்சு நடந்த பொறவுதான் கப்பலேறுனாக." முறத்தைத் தட்டி உமியை ஊதினார். "நீங்க சொன்னதுனாலதான் அவுக பதினாலுன்னு எழுதுனாகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக. மொகத்துலயே தெரியுது. நீங்க பதினொண்ணுன்னு போடச் சொல்லிருந்தாலும் அவுக போட்டிருக்கமாட்டாக. அந்த மூணு மாசத்த அழிச்சா என்னய அழிச்ச மாதிரின்னு எங்கிட்ட சொன்னாக. அதனால அதப் போய் நீங்க தூக்கிச் சொமக்காதீக. எறக்கி வையுங்க."

என் வாழ்க்கையில் என்மேல் வந்த தீர்ப்புகளில் இவ்வளவு சுருக்கமானது வேறு இல்லை. மேல்முறையீடு செய்ய எனக்கு மனம் வரவில்லை. முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன்.

"பின்ன அவர் ஏன் வரமாட்டன் எண்டு நிக்கிறார்?"

"சொந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போகச் சொன்னா யாரு போவா? கடைசியில போயிருவாக, பாருங்க. ராத்திரி தூக்கத்துல சிங்களம் பேசுதாக."

ஐந்தாம் நாள் சாரல் வந்தது. முதலில் காற்று குளிர்ந்தது, பிறகு மலை காணாமல் போயிற்று. மழை என்று சொல்ல முடியாத ஒன்று காற்றோடு பறந்து வந்து, குடையை விரித்தாலும் கீழிருந்து நனைத்தது. எங்கள் நாட்டில் மழை ஒழுங்காக மேலிருந்து கீழே விழும். மூவரும் பேருந்தில் குற்றாலத்துக்குப் போனோம். அந்த நடத்துநர் என்னைக் கண்டதும், "ஐயா, இன்னைக்குச் சௌகரியமா?" என்று அக்கறையோடு விசாரித்தார். வண்டி முழுதும் திரும்பிப் பார்த்தது.

ஒரே இரவில் அருவி பெருத்திருந்தது. சத்தத்தில் அடுத்தவர் பேசுவது கேட்கவில்லை. அண்ணாச்சி கடையில் அன்றுதான் அடுப்பு மூட்டினார்கள். முதல் காப்பியை எனக்குக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. நனைந்த ஆட்கள் நடுங்கிக்கொண்டே வந்து நின்றார்கள். கோமதி அம்மாள் ஒரு கையால் வடை எடுத்து, மறு கையால் டம்ளர் நீட்டி, வாயால் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே அண்ணாச்சியைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"கடைய நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய்ட்டு வாங்க."

"ஏட்டி, சீசன் நேரம்!"

"சீசன் வருசா வருசம் வருது. அந்தக் கிரகணம் நம்ம ஆயுசுல இன்னொருதரம் அங்கன வருமான்னு ஐயாட்ட கேளுங்க."

"வராது" என்றேன். கோப்பில் அதற்கும் ஒரு தாள் வைத்திருந்தேன்.

அண்ணாச்சி இரண்டு பேருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். மூன்றாவது டம்ளரைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எடுங்க ஐயா அந்த ஃபாரத்த" என்றார்.

கடைக்குள் சாரல் படாத ஒரே மூலையில், மாவு டின் மேல் வைத்து நிரப்பினேன். பெயர், வயது, தகப்பன் பெயர். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டம் வந்தது. கிரகணம் பார்க்க என்று எழுதப் போனேன்.

"அப்படி எழுதாதீக" என்றார். "வேடிக்க பாக்க வாரவன்னு ஆயிரும். முழுக்குன்னு எழுதுங்க."

"அண்ணாச்சி, அது சரியான காரணம் இல்லையே. நீங்கள் கிரகணம் பார்க்க அல்லோ வாறியள்?"

"கிரகணம் முடிஞ்சா முழுகாமலா வருவேன்? எழுதுங்க ஐயா. முழுக்குக்குப் போறவன் எந்தத் தண்ணிக்கும் விருந்தாளி கெடையாது."

ஆங்கிலத்தில் 'கிரகண நீராடல்' என்று பொருள்படும்படி எழுதினேன். மூன்று பிரதியிலும் எழுதினேன். சொல் எதுவும் வரி முடிவில் உடையாமல் பார்த்துக்கொண்டேன். அவர் மூன்று இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். சாரல் ஒரு பிரதியில் தெறித்து மை சற்றுப் பரவியது. வேறு நாளாக இருந்தால் புதிய தாளில் எழுதியிருப்பேன்.

மனு உரிய காலத்தில் அனுமதிக்கப்பட்டது. அது எப்படி என்பதை எழுதினால் இளைய குமாஸ்தாக்கள் கெட்டுப்போவார்கள்.

ஜூன் இருபதாம் திகதி காலை நாங்கள் இருவரும் அந்தக் குளக்கரையில் நின்றோம். கரை முழுவதும் சனம். இரண்டு வருடம் திட்டமிட்டதில் ஒன்று மட்டும் கோப்பில் சேரவில்லை: மேகம். வானம் முழுவதும் போர்த்தியிருந்தது. புகை பிடித்த கண்ணாடி என் சட்டைப் பையிலேயே கிடந்தது. "இதுக்குக் குற்றாலத்து மேகமே போதுமே ஐயா" என்றார் அண்ணாச்சி. நான் தலை குனிந்து நின்றேன்.

அப்போது மேற்கே குளத்தின் அக்கரை கறுத்தது. அந்தக் கறுப்பு தண்ணீர்மேல் எங்களை நோக்கி ஓடி வந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் இருட்டு. மாலை இருட்டுமல்ல, இரவு இருட்டுமல்ல. வானத்தின் விளிம்பெல்லாம் செம்மஞ்சள். குளத்துக் கொக்குகள் கத்திக்கொண்டு மரத்துக்குத் திரும்பின. நான்கு நிமிடம் இருக்கும். என் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதே வெளிச்சம் திரும்பியபோதுதான் தெரிந்தது.

"இருவத்தாறு வருசம் இந்த நேரத்துக்கு அடுப்படியில நிப்பேன்" என்றார். "அங்கனயும் இப்படித்தான் இருட்டா இருக்கும். ஆனா இவ்வளவு அழகா இருக்காது."

பக்கத்தில் நின்ற சிங்களக் கிழவர் அவரிடம், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சி சற்றும் யோசிக்காமல் சிங்களத்தில் பதில் சொன்னார்: "கொழும்பிலிருந்து."

சொன்ன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழுக்குக்கு இறங்கினார். படிவத்தில் எழுதியிருக்கிறோமே. முழங்கால், இடுப்பு, மார்பு என்று போய், கழுத்தளவு தண்ணீரில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். நான் கரையில் துண்டோடு காத்திருந்தேன்.

ஏறி வந்தபோது உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. தலைமுடி மட்டும் காலையில் சீவியபடியே காய்ந்திருந்தது. முறைப்படி அது முழுக்கு ஆகாது. அந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் ஆட்சேபம் எழுப்பாமல் துண்டை நீட்டினேன்.